கடை நடத்திய கலைஞர், கொடி தூக்கிய முதலாளி

கடை வைத்தவன் முதலாளி. முதலாளி என்றால் நமக்கு மாற்றான். இப்படி ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. அதே தோழர்களின் வீட்டிலேயே தம்பி ஒருவன் இருப்பான். படம் வரைவான், அச்சுக் கோப்பான், தறியில் புதிய கரை போட்டுப் பார்ப்பான். பிறர் வாசலில் கைகட்டி நில்லாமல், சொந்தமாக ஒரு பட்டறை வைத்துத் தன் கைவண்ணத்தை உலகுக்குக் காட்டவேண்டும் என்று கனவு காண்பான். அந்தத் தம்பிக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்? பட்டறை வைக்காதே என்றா? வைத்தால் எங்கள் பக்கம் வராதே என்றா? அல்லது, கொள்கையைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார் என்றா?

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை தேடுவதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கையில் தேடுவது நல்லது. அப்படி ஒரு மனிதர் பிரிட்டனில் இருந்தார். இருபத்தேழாம் வயதில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கடை திறந்தார். அந்தக் கடை நாடறிந்த நிறுவனமாக வளர்ந்தது. நாற்பத்தெட்டாம் வயதில், செல்வாக்கின் உச்சியில் இருந்தபோது, தொழிலாளர் கட்சியொன்றில் உறுப்பினர் சீட்டு வாங்கினார். பிறகு தெருமுனையில் நின்று கட்சி ஏட்டைக் கூவி விற்றார். அவர் பெயர் வில்லியம் மாரிஸ்.

அவரை மகான் என்று காட்ட நாம் எழுதவில்லை. குறைகள் உள்ளவர்தான். ஆனால் அந்தக் குறைகளும் நமக்குப் பாடமாகும். ஆகவே அவற்றையும் சேர்த்தே சொல்கிறோம்.

செம்புச் சுரங்கத்துப் பணம்

1834 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள், லண்டனுக்கு அருகேயுள்ள வால்தம்ஸ்டோ என்ற ஊரில் மாரிஸ் பிறந்தார். தந்தை லண்டன் பணச்சந்தையில் உண்டியல் தரகர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பெரும் செல்வக் குடும்பமாக்கியது தரகு அல்ல, பூமிக்குள் கிடந்த செம்பு. டெவன் மாவட்டத்தில் ஒரு செம்புச் சுரங்கம் வெட்டப்பட்டபோது தந்தை அதில் பங்குகள் வாங்கினார். ஒரு பவுன் மதிப்புள்ள பங்கு 800 பவுன் வரை ஏறியது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

1847 இல் தந்தை இறந்தார். மகனுக்கு இருபத்தொரு வயது நிரம்பியபோது, பங்குகளிலிருந்து ஆண்டுக்கு 700 பவுனுக்கு மேல் வருமானம் வரத் தொடங்கியது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இருட்டுக் குழிக்குள் ஏணியில் இறங்கிச் செம்பு வெட்டியவர்களின் முதுகிலிருந்து வந்தது. மேலே வெட்டவெளியில் நின்று தாதுக்கல்லை உடைத்துப் பிரித்த பெண்கள், சிறுவர்கள் கைகளிலிருந்து வந்தது. இளைஞர் மாரிஸ் அன்று அதை நினைத்துப் பார்த்தவர் அல்லர். அவர் கண்ணில் அப்போது நிறைந்திருந்தவை பழைய மாதா கோவில்களும், பழங்கதைகளும், பூக்களும் பறவைகளும்தான்.

1853 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பாதிரியாராவதுதான் எண்ணம். அங்கே பர்ன்-ஜோன்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். பர்மிங்காமில் படச்சட்டம் செய்து பிழைத்த ஒரு தொழிலாளியின் மகன். இருவரும் ஜான் ரஸ்கினின் நூல்களைப் படித்தார்கள். பழங்காலக் கோவில்களைக் கட்டிய கொத்தனும் சிற்பியும் தம் வேலையில் இன்பம் கண்டவர்கள், இன்றைய ஆலைத் தொழிலாளியோ இயந்திரத்தின் ஒரு பல்லாக்கப்பட்டுவிட்டான் என்ற ரஸ்கினின் கருத்து, மாரிஸின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. கடைசிவரை அது அகலவில்லை.

1855 இல் நண்பர்கள் வடபிரான்சு முழுவதும் சுற்றிக் கோவில்களைப் பார்த்தார்கள். திரும்பும் வழியில், துறைமுகத்தில் உலாவியபடியே, இருவரும் பாதிரி அங்கியைக் கைவிட்டார்கள். ஒருவர் ஓவியராவது, மற்றவர் கட்டடக் கலைஞராவது என்று முடிவு செய்தார்கள். மறு ஆண்டு மாரிஸ் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதையும் விட்டார். ஓவியம் தீட்டினார், அதிலும் தாம் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. இன்றைய பெற்றோராக இருந்தால், பையன் உருப்படமாட்டான் என்று சொல்லியிருப்பார்கள்.

ஒரு வீடு, ஏழு நண்பர்கள்

1859 இல் ஜேன் பர்டன் என்ற பெண்ணை மணந்தார். ஆக்ஸ்போர்டில் குதிரைலாயத்தில் வேலை பார்த்த ஓர் ஏழையின் மகள் அவர். புதுமணத் தம்பதிக்கு வீடு வேண்டும். பிலிப் வெப் என்ற நண்பர் கென்ட் மாவட்டத்தில் செங்கல் வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். சுவருக்குப் பூச்சு இல்லை. பொய் அலங்காரம் இல்லை. செங்கல் செங்கல்லாகவே தெரிந்தது. சிவப்பு வீடு என்றே அதற்குப் பெயர்.

வீடு ஆயிற்று, வீட்டுக்குள் வைக்கப் பொருள் வேண்டுமே! லண்டன் கடைகளில் ஏறி இறங்கினார்கள். எல்லாம் ஆலையில் செய்த மலிவுச் சரக்கு. மரத்தைப் பளிங்குபோல் காட்டும் பூச்சு. காகிதத்தைப் பட்டுபோல் காட்டும் பித்தலாட்டம். வாங்கமாட்டோம், நாமே செய்வோம் என்றார்கள் நண்பர்கள். ஒருவர் மேசைக்கு வரைபடம் போட்டார். ஒருவர் சுவரில் ஓவியம் தீட்டினார். ஜேனும் அவர் தங்கையும் திரைச்சீலைகளில் பூத்தையல் போட்டார்கள். எப்படித் தைத்தார்கள் தெரியுமா? பழைய தையல் துணியை எடுத்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, முன்னோர் தையலின் சூட்சுமத்தைக் கற்றார்கள்.

தமக்காகச் செய்ததை ஊருக்காகவும் செய்தால் என்ன? அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் கடை. 1861 ஏப்ரலில், லண்டன் ரெட் லயன் சதுக்கம் 8 ஆம் எண் கட்டடத்தில், மாரிஸ், மார்ஷல், பாக்னர் கம்பெனி என்ற பெயரில் தொழில் தொடங்கிற்று. பங்காளிகள் எழுவர். ரொசெட்டி, மாடாக்ஸ் பிரௌன், பர்ன்-ஜோன்ஸ், வெப் ஆகியோரும் அதில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் போட்டார்கள். மாரிஸின் தாயார் 100 பவுன் கடன் கொடுத்தார். தொடக்க முதல் இவ்வளவுதான்.

நிலவறையில் கண்ணாடி சுடும் சூளை வைத்தார்கள். வேலைக்குப் பையன்கள் தேவைப்பட்டபோது, அருகேயிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து சிலரை அழைத்துவந்து தொழில் கற்றுக்கொடுத்தார்கள். 1862 இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கடையின் பொருள்கள் பதக்கம் பெற்றன. போட்டியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. இவர்களின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் புதியவை அல்ல, பழைய கோவில் கண்ணாடிக்கு மெருகு போட்டவை என்று புகார் கிளப்பினார்கள். வசைபாட வந்தவர்களே, பழைய வேலைக்கு நிகரான வேலை இது என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

ஆனால் தோழர்களே, பதக்கம் சோறு போடாது. கலைஞர்கள் நடத்திய கடை, கணக்கில் தள்ளாடியது. எதற்கு எவ்வளவு செலவு, என்ன விலை வைத்தால் கட்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1865 இல் வாரிங்டன் டெய்லர் என்பவரை மானேஜராக வைத்தார்கள். நொடித்துப்போய், இசை நாடக அரங்கொன்றில் டிக்கெட் சரிபார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் அவர். காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர்தான் கடையைக் காப்பாற்றினார். விலைப்பட்டியல் போட்டார், கடனை வசூலித்தார், மாரிஸின் சொந்தச் செலவையே கண்டித்தார். மாரிஸ் அதற்குக் கோபிக்கவில்லை, கேட்டுக்கொண்டார். 1870 இல் டெய்லர் இறந்தார். ஓவியருக்குச் சிலை வைக்கிற உலகம் கணக்கருக்கு வைப்பதில்லை. ஆனால் எந்தப் பட்டறையும், ஏன், எந்தக் கட்சிக் கிளையும், ஒரு டெய்லர் இல்லாமல் நிற்காது என்பதை நாம் மறக்கலாகாது.

கடை நிமிர்ந்தது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை அறைகளை அழகுபடுத்தும் வேலை வந்தது. தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் உணவுக்கூடம் வந்தது. இன்றும் அது அங்கே இருக்கிறது. மாரிஸின் சுவர்த்தாள்கள் வீட்டுக்கு வீடு ஏறின.

நிமிர்ந்தபின் பிளவும் வந்தது. உழைப்பும் பணமும் பெரும்பாலும் மாரிஸுடையவை. மற்றவர்கள் பெயரளவுக்கே பங்காளிகள். சுரங்கப் பங்கின் வருமானம் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கடை ஒன்றே குடும்பத்துக்குக் கதி. முழுப் பொறுப்பும் தம்மிடம் வரவேண்டும் என்றார் மாரிஸ்.  கூட்டாளிகள் அறுவரில் சரிபாதியாகப் பிரிந்தார்கள். வெப், பர்ன்-ஜோன்ஸ், பாக்னர் மூவரும் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். மற்ற மூவர் கேட்டார்கள். ஆளுக்கு 1,000 பவுன் கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. 1875 இல் கடை மாரிஸ் கம்பெனி ஆயிற்று. நட்பில் விழுந்த விரிசல் எளிதில் ஆறவில்லை. நண்பர்களோடு தொழில் தொடங்கும் தம்பிமார், முதல் நாளே எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்பதே இதில் நாம் காணும் பாடம்.

கையில் ஏறிய நீலம்

முதலாளி என்றால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்றுதான் நாம் அறிவோம். மாரிஸ் அப்படி இருந்ததில்லை. ஒரு தொழிலைத் தாம் கையால் செய்து பழகாமல், அந்தத் தொழிலில் ஓர் ஆளை ஏவமாட்டார்.

அந்நாளில் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த ரசாயனச் சாயங்கள் சந்தைக்கு வந்து குவிந்திருந்தன. மலிவு, ஆனால் கண்ணைக் குத்தும் நிறம், வெயிலில் வெளுத்துவிடும். மாரிஸுக்கு அது பிடிக்கவில்லை. பழைய சாயமுறை ஐரோப்பாவில் மறைந்துகொண்டிருந்தது. 1875 முதல் லீக் என்ற ஊருக்குப் போய், தாமஸ் வார்டில் என்ற சாயத்தொழில் வல்லுநரோடு சேர்ந்து, தொட்டியருகே நின்று பழகினார். அவுரி, மஞ்சிட்டி இனத்து வேர், வால்நட் மரத்தின் வேர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவுரித் தொட்டியில் முழங்கைவரை கைவிட்டதால், வாரக்கணக்கில் கையிலிருந்து நீலம் போகவில்லை. பெரிய மனிதர்களின் விருந்துக்கும் அந்த நீலக் கையோடுதான் போவார்.

அவுரி என்றதும் நம் நெஞ்சு துணுக்குறும். ஐரோப்பாவின் சாயத் தொட்டிகளுக்கு அன்று அவுரியைப் பெருமளவில் கொடுத்தது நம் நாடு. அதைப் பயிரிடச் சொல்லி வங்காளத்து உழவர்களை வெள்ளைத் தோட்டக்காரர்கள் வதைத்ததும், 1859 இல் அந்த உழவர்கள் பொங்கி எழுந்ததும் வரலாறு. மாரிஸ் இந்த ஒரு பொருளில் கண்மூடியாக இருக்கவில்லை. பிரிட்டனின் வணிகமும் ஆட்சியும் இந்தியக் கைத்தொழில்களை அழிக்கின்றன, நெசவாளரின் கலையை மலிவுச் சரக்கால் கொல்கின்றன, சிறைச்சாலைகளில் கம்பளம் நெய்ய வைத்துக் கம்பளக் கலையையே கெடுக்கின்றன என்று 1879 இல் பர்மிங்காம் மேடையில் வெளிப்படையாகக் கண்டித்தார்.

அதே 1879 இல் தம் படுக்கையறையிலேயே தறி போட்டார். பழைய பிரெஞ்சு நூல் ஒன்றைப் பார்த்துச் சித்திர நெசவைத் தாமே கற்றார். விடியுமுன் எழுந்து தறியில் அமர்வார். முதல் துணியை முடிக்க 516 மணி நேரம் ஆயிற்று என்று நாட்குறிப்பில் கணக்கு வைத்தார். பிறகுதான் பையன்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். கடையில் எடுபிடியாக 1878 இல் சேர்ந்த டியர்ல் என்ற இளைஞர் அப்படி அந்த நெசவைப் பழகினார். மாரிஸுக்குப் பின் கம்பெனியின் கலைப் பொறுப்பு முழுவதையும் ஏற்றவர் அவரே.

1881 இல் லண்டனுக்குத் தெற்கே, மெர்ட்டன் ஆபி என்ற இடத்தில், வாண்டில் ஆற்றங்கரையில் பட்டறைகளை அமைத்தார். ஏறத்தாழ ஏழு ஏக்கர். ஆறு, மரம், தோட்டம். நடுவே சாயக்கூடம், தறிக்கூடம், அச்சுக்கூடம். 1883 இல் அங்கே அச்சான ஒரு சீட்டித் துணி உலகப் புகழ் பெற்றது. தோட்டத்துப் பழத்தைப் பறவைகள் திருடுவதைப் பார்த்துப் போட்ட கோலம் அது. முதலில் துணி முழுவதும் நீலத்தில் முக்குவார்கள். வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுப்பார்கள். பிறகு கட்டை அச்சால் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவார்கள். முடிக்கப் பல நாள் பிடிக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இங்கேதான் சிக்கல். நல்ல வேலை நாள் பிடிக்கிறது. நாள் பிடிப்பது விலை ஏறுகிறது. விலை ஏறியதைச் சீமான்தான் வாங்குகிறான். எல்லா மக்களுக்கும் கலை என்று சொல்லித் தொடங்கிய கடை, பெரிய வீடுகளின் வரவேற்பறைக்குச் சேவகம் செய்வதாக முடிந்தது. ஒரு கோடீசுவரர் வீட்டை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது, பணக்காரரின் பன்றித்தனமான ஆடம்பரத்துக்கே என் வாழ்நாள் போகிறதே என்று மாரிஸ் குமுறினார் என்பர். அந்தக் குமுறல்தான் அவரை நம் பக்கம் கொண்டுவந்தது.

பதினாறு பவுன் கேள்வி

1883 ஜனவரியில் ஜனநாயகச் சம்மேளனத்தில் சேர்ந்தார். உறுப்பினர் சீட்டில் தொழில் என்ற இடத்தில் முதலாளி என்றோ கவிஞர் என்றோ எழுதவில்லை. வடிவமைப்பாளர் என்று எழுதினார். மார்க்சின் மூலதனம் நூலைப் பிரெஞ்சு மொழியில் படித்தார். படித்துப் படித்து நூல் கிழிந்து, ஓராண்டுக்குள் புதிதாகக் கட்டடம் செய்ய நேர்ந்தது.

உடனே எதிரிகள் கேட்டார்கள்: பொதுவுடைமை பேசும் நீர் ஏன் ஆலை நடத்துகிறீர்? உம் லாபத்தைத் தொழிலாளருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டல்லவா பேச வரவேண்டும்?

கேலிக்காகக் கேட்டதுதான். ஆனால் மாரிஸ் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. 1884 இல் பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டார். கடையிலிருந்து தமக்கு வரும் ஆண்டு வருமானம் சுமார் 1,800 பவுன். தம் குடும்பம் வாரத்துக்கு 4 பவுனில் வாழலாம். அதுவே தேர்ந்த தொழிலாளியின் கூலிக்கு ஏறத்தாழ இருமடங்கு. ஆண்டுக்கு 200 பவுன் போக மிச்சம் 1,600. தொழிலாளர் சுமார் நூறு பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 16 பவுன்!

கொடுக்கலாமா? கொடுத்தால் அந்த நூறு குடும்பங்களுக்கு நல்லது. மறுக்கவில்லை மாரிஸ். ஆனால் அடுத்த தெருவிலுள்ள ஆயிரம் குடும்பங்களுக்கு? நாடு முழுவதும் உள்ள இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு? ஒரு நல்ல முதலாளி வருவதால் முதலாளித்துவம் மாறிவிடுமா? நூறு பேர் கொஞ்சம் வசதி பெற்றுச் சிறு முதலாளிகளாவார்கள். கூலிமுறை அப்படியே நிற்கும். ஆகவே லாபத்தைப் பங்கிடுவதைவிட, அந்த முறையையே மாற்றும் இயக்கத்துக்குச் செலவிடுவது மேல் என்று முடிவு செய்தார்.

இந்த முடிவு சரியா? நாம் நேர்மையாகச் சொல்வோம்: பாதி சரி. நல்ல மனத்தால் மட்டும் சமுதாயம் மாறாது என்பது உண்மை. ஆனால் இயக்கம் பெரிது, ஆகவே என் பட்டறைத் தொழிலாளி காத்திருக்கட்டும் என்பது எந்த முதலாளிக்கும் வசதியான வாதமாகிவிடக் கூடும். மாரிஸின் பட்டறையில் கூலி வெளிச் சந்தையைவிடக் கூடுதல். வேலையிடம் காற்றும் வெளிச்சமும் நிறைந்தது. மேற்பொறுப்பில் இருந்த சிலருக்கு லாபத்தில் பங்கும் உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் செய்த வேலைக்குக் கணக்காகக் கூலி வாங்கியவர்கள்தான். மாரிஸ் இதை மறைக்கவில்லை. நான் தனியாகத் தப்பித்துவிட்ட மனிதன் என்று நடிக்கவில்லை. கேள்வியை மேசைமேல் வைத்துக்கொண்டே வாழ்ந்தார்.

இன்னொரு கறையும் உண்டு. குடும்பத்துக்குச் சோறு போட்ட அந்தச் செம்புச் சுரங்கம், செம்பு குறைந்தபின் பாஷாணம் எடுக்கத் தொடங்கியது. உலகின் பெரும் பாஷாண உற்பத்தி நிலையங்களில் ஒன்றாயிற்று. மூக்கில் பஞ்சை அடைத்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு தொழிலாளர் அந்த வெள்ளை நஞ்சைச் சுரண்டி எடுத்தார்கள். 1871 முதல் 1875 வரை மாரிஸ் அதன் டைரக்டர்களில் ஒருவர். பதவியை விட்ட அன்று, கூட்டத்துக்குப் போட்டுச்சென்ற உயரத் தொப்பியின்மேல் உட்கார்ந்து நசுக்கினார் என்று சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் தொப்பி நசுங்கியதால் கறை போய்விடாது. அவருடைய முற்காலத்துச் சுவர்த்தாளின் பச்சை நிறத்திலேயே பாஷாணம் இருந்தது. 2003 இல் விஞ்ஞானிகள் சோதித்துக் காட்டினார்கள். பாஷாணத் தாளால் மக்கள் நோயுறுகிறார்கள் என்று அந்நாளில் மருத்துவர்கள் சொன்னபோது, வீண் பீதி என்று மாரிஸ் தள்ளிவிட்டார். தொழிலாளி பக்கம் நின்றவருக்கே, தம் லாபம் வந்த வழி தெளிவாகத் தெரியவில்லை. கண்ணுக்கு அருகில் வைத்த பொருள்தானே தெரியாமல் போகும்!

தெருமுனையில் ஒரு முதலாளி

1884 முடிவில் கட்சி பிளந்தது. மாரிஸும் கார்ல் மார்க்சின் மகள் எலினாரும் மற்றும் சிலரும் வெளியேறிச் சோஷலிஸ்ட் லீக் அமைத்தார்கள். காமன்வீல் என்ற ஏட்டுக்கு மாரிஸ் ஆசிரியர்; அதன் பற்றாக்குறையைத் தாங்கியவரும் அவரே. விலைமதிப்புள்ள பழைய நூல்களை விற்று இயக்கத்துக்குக் கொடுத்தார்.

பணம் கொடுப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. உடம்பைக் கொடுப்பவர்கள்தான் குறைவு. மாரிஸ் உடம்பைக் கொடுத்தார். ஞாயிறுதோறும் தெருமுனையில் நின்று பேசினார். சில நாள் பத்துப் பேர் கேட்பார்கள். சில நாள் வேலையற்ற இரண்டு பேரும் ஒரு போலீசுக்காரரும். 1887 இல் அவர் எழுதிய நாட்குறிப்பில் இந்த வெறுங்கூட்டங்களெல்லாம் பதிவாகியிருக்கின்றன. மனம் சோர்ந்ததையும் எழுதினார். மறு ஞாயிறு மறுபடியும் போனதையும் எழுதினார். மழையில் நனைந்து சுவரொட்டி ஒட்டும் நம் கிளைத் தோழர், தமக்கு முன்னோடி ஒருவர் இருந்தார் என்று இதைப் படித்து நெஞ்சு நிமிரலாம்.

1885 செப்டம்பரில், பேச்சுரிமைக்காகப் போராடிய தோழர்களுக்கு லண்டன் கோர்ட்டில் தண்டனை விதித்தபோது, பார்வையாளராக இருந்த மாரிஸ் வெட்கக்கேடு என்று கூவினார். போலீசார் அவரையே பிடித்துக் கூண்டில் ஏற்றினார்கள். நீ யார் என்று கேட்டார் மாஜிஸ்திரேட். ஐரோப்பா அறிந்த கலைஞன் என்று பதில் வந்தது. விட்டுவிட்டார்கள்! மறு ஆண்டு தெருவில் பேசியதற்கு மாரிஸுக்கு ஒரு ஷில்லிங் அபராதம். அதே இடத்தில் பேசிய தொழிலாளத் தோழர் இருவர்மீது மேல்கோர்ட்டில் வழக்கு. ஆளுக்கு 20 பவுன் அபராதம். சீமானுக்கு ஒரு ஷில்லிங், பாட்டாளிக்கு 20 பவுன்! சட்டத்தின்முன் சமம் என்ற சொல்லின் விலையை மாரிஸ் அன்று நேரில் கண்டார்.

1887 ஏப்ரலில் நார்தம்பர்லாந்து நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வயலில் கூடிய ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்முன் மாரிஸ் எழுந்து பேசினார். எண்ணிப் பாருங்கள்: சுரங்கப் பங்கில் வளர்ந்த பிள்ளை, ஐம்பத்து மூன்றாம் வயதில், சுரங்கத் தொழிலாளியின் பக்கத்தில் வந்து நிற்கிறார். வாழ்க்கை ஒரு வட்டம் சுற்றிவந்து நின்ற இடம் அது. அதே ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள், டிரபால்கர் சதுக்கத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தைப் போலீசும் பட்டாளமும் அடித்துச் சிதறடித்தன. மாரிஸ் அந்த ஊர்வலத்தில் நடந்தார். அடுத்த வாரம் போலீசுக் குதிரையால் மிதிபட்டு மாண்ட லின்னெல் என்ற ஏழையின் சவ ஊர்வலத்திலும் நடந்து, புதைகுழி அருகே நின்று பேசினார்.

1890 இல் தம் கனவுச் சமுதாயத்தைக் கதையாகக் காமன்வீலில் எழுதினார். அந்த ஆண்டே, தாம் பணம் கொடுத்து வளர்த்த லீக்கிலிருந்து ஓரங்கட்டப்பட்டார். வெறுத்து வீட்டில் முடங்கினாரா? இல்லை. தம் வட்டாரத் தோழர்களைக் கொண்டு ஹாமர்ஸ்மித்தில் ஒரு சங்கம் அமைத்துப் பணியைத் தொடர்ந்தார்.

1891 இல், ஐம்பத்தாறாம் வயதில், மறுபடியும் ஒரு புதுத் தொழில்: கெல்ம்ஸ்காட் அச்சகம். எழுத்துருவைத் தாமே வரைந்தார்; கைத்தாள், கையச்சு. 1896 இல் சாசர் என்ற பழங்கவிஞரின் படைப்புகளைப் பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு வெளியிட்டார். உலகின் அழகிய நூல்களுள் ஒன்று. ஆனால் விலை 20 பவுன்; தொழிலாளி தொட முடியாத விலை. கடைசிவரை அந்த முடிச்சு அவிழவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் மாரிஸ் மறைந்தார். வயது 62. கெல்ம்ஸ்காட் சிற்றூரில், இலையும் கொடியும் சுற்றிய ஓர் உழவு வண்டியில் அவர் உடல் போயிற்று. கம்பெனி 1940 வரை நடந்தது. கோலங்கள் இன்றும் உலகெங்கும் அச்சாகின்றன, விற்கின்றன.

நம் தம்பிக்கு

ஆகவே நம் தம்பிக்கு என்ன சொல்வது?

பட்டறை வை, தம்பி. தாராளமாக வை. பிறர் செய்ததைத் திருப்பிச் செய்யாதே. உன் கண் கண்டதைச் செய். ஆனால் தொட்டியில் நீ கைவிடாமல் பிறர் கையை விடச் சொல்லாதே. கணக்குத் தெரிந்தவனைப் பக்கத்தில் வை. அவன் கடிந்தால் கேள். பங்காளியோடு எழுதிக்கொள். உன் சரக்கின் நிறம் எங்கிருந்து வருகிறது, அதை எடுப்பவன் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார். மாரிஸ் பார்க்கத் தவறிய இடம் அது.

ஆண்டு முடிவில் தாளும் பென்சிலும் எடுத்து, அந்தப் பதினாறு பவுன் கணக்கைப் போடு. உனக்கு எவ்வளவு, உன்னோடு உழைத்தவனுக்கு எவ்வளவு என்று எழுது. எழுதியதை உன் தொழிலாளிக்கும் காட்டு. மாரிஸ் தனியாகப் போட்ட கணக்கை நீ அவர்களோடு உட்கார்ந்து போட்டால், அவர் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னே போனவனாவாய்.

தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகும் தோழருக்கும் ஒரு சொல். ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான், என்ன தொழில் செய்கிறான் என்பதைக் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். அத்தோடு நின்றுவிடாமல், வேலைநிறுத்தத்தன்று அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக்கு வருகிறானா, ஏட்டை எடுத்து நாலு பேரிடம் நீட்டுகிறானா என்று பாருங்கள். வந்தால் பக்கத்தில் இடம் கொடுங்கள். அவன் கையில் நீலமோ மையோ ஒட்டியிருந்தால், தயங்காமல் அந்தக் கையைப் பிடியுங்கள்.